லைன் மூன்றுக்கு இரண்டாவது டோக்கன்

மின்னூர்
7.8.2005

ஃபீபிக்கு,

உன் கார்டு வந்தது. நாலு வரி. மூன்று வரியில் "என் கியூபைத் திருப்பி அனுப்பு". நாலாவது வரியில் உன் விலாசம். நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை இல்லை. தபால்காரர் கார்டை அம்மாவிடம் கொடுக்கும்போது, "இன்னா கோவிந்தம்மா, உன் பொண்ணு எதையோ தூக்கிட்டு வந்துட்டாளாமே" என்று சிரித்தாராம். கார்டில் எழுதினால் ஊரே படிக்கும் என்று உனக்குத் தெரியாதா?

நான் எதையும் தூக்கிக்கொண்டு வரவில்லை. நீ நர்ஸிங் படிக்க வேலூர் பஸ் ஏறிய அன்று, உன் மாமா மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த, பக்கத்துக்கு ஒரு கலராகத் திருப்பிச் சேர்க்கும் அந்தக் கியூபை ஜன்னல் வழியாக என் கையில் போட்டு, "வெச்சுக்கோ, நீதானே சும்மா இருக்கப் போறே" என்றாய். உன்னைவிட எழுபத்திரண்டு மார்க் அதிகம் வாங்கியவளிடம் சொன்ன வார்த்தை அது. பஸ் கிளம்பிவிட்டதால் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன். நான் சும்மா இல்லை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மூன்றாம் லைன் டெய்லர். மணிக்கு நாற்பது ஜோடி அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், எங்கள் லைனிலிருந்து தைத்துப் போக வேண்டும்.

லைனில் நாற்பத்திரண்டு பெண்கள். பாத்ரூம் போக ஒரே டோக்கன். உள்ளங்கை அகலத்தில் மரத்துண்டு, அதில் '3' என்று பெயின்ட். அது மேஜையில் இருந்தால்தான் எழுந்திருக்கலாம். ஒருத்தி எடுத்துப் போனால் மற்ற நாற்பத்தொரு பேரும் காலை இறுக்கிக்கொண்டு தைக்க வேண்டியதுதான். பாத்ரூம் வாசலில் ஒரு வாட்ச் லேடி. '3' இல்லாமல் விடமாட்டார். அதனால் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை.

மேஜை ஜெயசீலன் சாருடையது. கழுத்தில் ஸ்டாப் வாட்ச் தொங்கும். ஒரு தையலுக்கு எத்தனை விநாடி என்று அளந்து எழுதுவது அவர் வேலை. டைம் ஸ்டடி என்று பெயர். போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் நான் கியூபைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். கேட்காமலேயே அளந்தார். இரண்டு நிமிடம் ஐம்பது விநாடி.

"இதுக்கே இவ்ளோ நேரமா?" என்றார்.

"கம்மி பண்ணா இன்னா சார் குடுப்பீங்க?"

"ஒரு நிமிஷத்துக்குள்ள சேர்த்துட்டா, கேக்கறதக் குடுக்கறேன்."

"இன்னொரு டோக்கன்."

லைன் முழுக்கக் கேட்டது. அவரால் பின்வாங்க முடியவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்தது கியூபோடு வந்த தாளில் இருந்த முறை மட்டும்தான். முதல் தட்டு, நடுத் தட்டு, கடைசித் தட்டு. எவ்வளவு விரட்டினாலும் அதில் இரண்டரை நிமிடத்துக்குக் கீழே வரவில்லை. வேகமான முறைகள் கம்ப்யூட்டரில் இருக்குமாம். நீ இருக்கும் ஊரில் கம்ப்யூட்டர் இருக்கிறது.

கோபம் அப்படியே இருக்கட்டும். முறையை எழுதி அனுப்பு. கார்டில் வேண்டாம்.

எழிலரசி


சத்துவாச்சாரி
14.8.2005

எழிலுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துகள். இந்த வரி வார்டன் கிரேஸி மேடத்துக்காக. ஹாஸ்டலிலிருந்து போகும் கடிதங்களைப் படித்த பிறகுதான் ஒட்டுவார். இதையும் படிப்பார். படிக்கட்டும்.

ஒன்றுக்குப் போக டோக்கனா? உங்கள் முதலாளி வீட்டிலும் ஒரே டோக்கன்தானா என்று கேட்டுச் சொல். எங்களுக்குப் போன வாரம்தான் சிறுநீரகப் பாடம் நடந்தது. அடக்கி அடக்கி வைத்தால் என்ன ஆகும் என்று படம் போட்டுக் காட்டினார்கள். அந்தப் பக்கத்தைக் கிழித்து உன் ஜெயசீலன் சார் மேஜையில் ஒட்ட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து இரண்டு மணி நேரம் வெளியே விடுவார்கள். அதில் அப்துல் சமத் பாயின் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அமெரிக்காவில் யாரோ கியூபுக்கென்றே பக்கம் பக்கமாக எழுதிவைத்திருக்கிறார்கள். நான் நோட்டில் எழுத எழுத, பாய் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார். "பாப்பா, இது இன்னா கோட் வேர்டா? போலீஸ் வந்தா நான் இன்னா பதில் சொல்றது?"

கோட் இதுதான். வ என்றால் வலப்பக்கத்தைக் கடிகாரத் திசையில் ஒரு திருப்பு. மே மேல்பக்கம், மு முன்பக்கம், இ இடப்பக்கம், கீ கீழே. எழுத்தின் தலையில் கோடு போட்டிருந்தால் எதிர்த்திசை.

முதல் பாடம். நாம் என்ன செய்கிறோம்? அடித்தட்டு மூலைகளை ஒவ்வொன்றாக வைக்கிறோம். பிறகு நடுத்தட்டு ஓரங்களை ஒவ்வொன்றாக வைக்கிறோம். எட்டு வேலை. வேகக்காரர்கள் ஒரு மூலையையும் அதன் பக்கத்து ஓரத்தையும் மேல்தட்டிலேயே ஜோடியாக்கி, ஜோடியாகவே உள்ளே இறக்குகிறார்கள். நாலு ஜோடி, நாலு வேலை. பின் தாளில் படம் இருக்கிறது.

உன் எழுபத்திரண்டு மார்க்கை நான் மறக்கவில்லை. எங்கள் வீட்டில் மறக்கவும் விடவில்லை. கியூப் உனக்கு இரவல்தான் என்பதை நீயும் மறக்காதே.

ஃபீபி


மின்னூர்
28.8.2005

ஃபீபிக்கு,

உன் படம் கோழி கிளறியது போல இருந்தது. ஆனாலும் புரிந்துவிட்டது. எங்கள் கம்பெனியில் நடப்பதும் அதுதான். தோலையும் லைனிங்கையும் தனித்தனியாக மிஷினுக்கு அனுப்பமாட்டார்கள். டேபிள் வேலைக்காரப் பெண்கள் சொல்யூஷன் தடவி இரண்டையும் ஒட்டிக் கொடுப்பார்கள். மிஷினில் ஒரே ஓட்டம். இதைச் சொல்ல அமெரிக்காக்காரன் வர வேண்டியிருந்தது. முதல் மூன்று நாள் பழைய முறையைவிட நேரம் அதிகமானது. நாலாம் நாள் கை பழகியது. இப்போது ஒன்று ஐம்பத்தைந்து.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். கத்தாதே. கியூபின் ஸ்டிக்கர்கள் உரிய ஆரம்பித்துவிட்டன. சிவப்பில் இரண்டு என் சோற்றிலேயே கிடந்தன. அதனால் எல்லாவற்றையும் உரித்துவிட்டு, கட்டிங் செக்‌ஷன் கழிவிலிருந்து துண்டுத் தோல் எடுத்து ஒட்டிவிட்டேன். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, நீலம், பச்சை எல்லாம் கிடைத்தது. மஞ்சள் ஷூ எந்த நாட்டுக்காரனும் கேட்பதில்லை போலிருக்கிறது. மஞ்சளுக்குப் பதில் பிரவுன், ஆரஞ்சுக்குப் பதில் கறுப்பு. நீ மஞ்சள் என்று எழுதுவதை நான் பிரவுன் என்று படித்துக்கொள்கிறேன். தோல் வழுக்காது. நூலுக்குப் போடும் சிலிக்கான் எண்ணெயை உள்ளே ரெண்டு சொட்டு விட்டேன். வெண்ணெய் மாதிரி சுற்றுகிறது.

தைக்கும்போதும் சூத்திரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். வ, மே, வ-கோடு, மே-கோடு. பெடலை மிதிக்கும் தாளத்துக்கு அது சரியாக உட்காருகிறது. பக்கத்து மிஷின் வஹீதா அக்காவுக்கும் தொற்றிக்கொண்டது. வீட்டில் சப்பாத்தி தேய்க்கும்போது சொன்னாராம். "உன்னால என் புருஷன் எனக்குப் பேய் புடிச்சிருச்சுன்னு நெனைக்கிறான்" என்றார்.

அந்த வஹீதா அக்கா இந்த வாரம் மூன்று நாள் வரவில்லை. நீர்க்கடுப்பு, குளிர்க்காய்ச்சல். ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னாராம் டாக்டர். "மூணு லிட்டர் குடிச்சிட்டு மூணாம் லைன்ல எப்படி உக்கார்றது டாக்டர்னு கேட்டேன். அவரு இன்னொரு மாத்திரை எழுதினாரு" என்றார்.

சீக்கிரம் அடுத்த பாடம் அனுப்பு.

எழிலரசி


சத்துவாச்சாரி
4.9.2005

எழிலுக்கு,

என் கியூபில் செருப்புத் தோல். மாமாவிடம் நான் என்ன சொல்வது? அடுத்த தடவை அதில் லேஸ் கட்டி, காலில் போட்டுக்கொண்டு போட்டோ எடுத்து அனுப்பு.

கடைசித் தட்டுக்கு மொத்தம் எழுபத்தெட்டுச் சூத்திரம். முழுதாக மனப்பாடம் செய்பவன் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடித்துவிடுவான். உனக்குத் தேவை ஒரு நிமிடம்தான். இரண்டிரண்டு படியாகப் பிரித்தால் பதினாறு போதும். முதலில் மேல்பக்கம் முழுக்க மஞ்சள், உனக்குப் பிரவுன். பிறகு துண்டுகளை இடம் மாற்றுவது. பதினாறையும் இத்துடன் எழுதியிருக்கிறேன். ஏழாவதில் மை கொட்டிவிட்டது. அதைத் தனியாக இரண்டாம் தடவை எழுதியிருக்கிறேன்.

இன்னொன்று. மணிக்கட்டைத் திருப்பாதே. விரலால் தட்டு. மேல்பக்கத்தை ஆள்காட்டி விரலால் ஒரு சுண்டு. நீ தையல்காரி, விரல் இருக்கிறது. எனக்குத்தான் கட்டை விரல்கள் என்று ஊசி போடச் சொல்லித் தரும் சிஸ்டர் தினம் சொல்கிறார். ஆரஞ்சுப் பழத்துக்கு நூறு ஊசி போட்டாகிவிட்டது. பழத்துக்கே வலித்திருக்கும்.

ஹாஸ்டலில் பதினெட்டு பேருக்கு ஒரு பாத்ரூம். காலையில் வாளியோடு வரிசையில் நிற்கும்போது உன் மரத்துண்டு ஞாபகம் வருகிறது. ஆனால் எங்களை யாரும் வாட்ச் வைத்து அளப்பதில்லை.

தயங்கித் தயங்கிச் செய்யாதே. அந்த ஆள் முன்னால் முழு வேகத்தில் செய்துகாட்டு. நம்ம ஸ்கூல் பெண் என்றால் யார் என்று தெரியட்டும்.

ஃபீபி


மின்னூர்
25.9.2005

ஃபீபி,

ஐம்பத்து நாலு விநாடி.

நேற்று சாப்பாட்டு நேரம். ஜெயசீலன் சாரே கலைத்தார், ஒரு நிமிடம் முழுக்கக் கலைத்தார். நாற்பது பெண்கள் சோற்றுக் கையோடு சுற்றி நின்றார்கள். மூன்றாவது ஜோடியில் ஒரு துண்டு எங்கே என்று தெரியாமல் நின்றுவிட்டேன். வஹீதா அக்கா "பின்னாடி டீ, பின்னாடி" என்று கத்தினார். சார் "நோ டாக்கிங்" என்றார். கடைசிச் சூத்திரம் உன் மை கொட்டிய ஏழாவது.

அவர் வாட்சைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். ஆட்டிப் பார்த்தார். திங்கட்கிழமை டோக்கன் வரும் என்றார். நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போனார்.

பெண்கள் அன்றைக்கே தண்ணீர் குடித்தார்கள், ஃபீபி. ஆளுக்கு ஒரு சொம்பு. மூன்றரை மணிக்குப் பெரிய கஷ்டம். ஆனாலும் குடித்தார்கள்.

எழில்


சத்துவாச்சாரி
2.10.2005

என் எழிலுக்கு,

ஹாஸ்டல் முழுக்கச் சொல்லிவிட்டேன். கிரேஸி மேடம் உன் கடிதத்தைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "அந்தப் பொண்ணு ஜெயிச்சிடுச்சா, முன்னாடியே சொல்லக் கூடாதா? போன மாசத்திலேருந்து ஜெபத்துல வெச்சிருக்கேன்" என்றார். எங்களுக்கு வரும் கடிதங்களையும் அவர் படிக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஆற்காட்டிலிருந்து ஒரு பெண் மக்கன் பேடா கொண்டுவந்தாள். உன் பெயர் சொல்லி இரண்டு தின்றேன். நீ ஏன் ஒரு வாரமாக எழுதவில்லை? டோக்கன் வந்ததா? என்ன கலர்?

ஃபீபி


மின்னூர்
16.10.2005

ஃபீபிக்கு,

டோக்கன் வந்தது. சிவப்பு. திங்கட்கிழமை காலை மேஜைக்கு மேலே ஆணியில் புதுக் கட்டை தொங்கியது. அதற்குப் பக்கத்தில் போர்டில் நாற்பதை அழித்துவிட்டு நாற்பத்தெட்டு என்று எழுதியிருந்தது.

"மூணு நிமிஷ வேலைய ரெண்டு மாசத்துல ஒரு நிமிஷத்துக்குக் கொண்டாந்துட்டா. பயிற்சி இல்லாமலா வந்துச்சு? அப்போ மிஷின்லயும் கை ஓடும்" என்றார் ஜெயசீலன் சார். அதற்கு ஒரு ஃபாரம், அதன் நகல் போர்டுக்குக் கீழே தொங்கியது. ஃபாரத்தில் என் பெயர், ஐம்பத்து நாலு விநாடி, கீழே அவர் கையெழுத்து.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே வஹீதா அக்கா சொல்லிக் கொடுத்த பாடம் ஒன்று உண்டு. "வாட்ச் கழுத்துலேருந்து கைக்கு வந்துச்சுன்னா, நூல் அறுந்துடணும்." அளக்க வரும்போது யாரும் வேகமாகத் தைக்கமாட்டார்கள். ஊசி உடையும், பாபினில் நூல் சிக்கும், கண்ணில் தூசி விழும். வேகத்தை அவர் பார்த்துவிட்டால் நாளை முதல் அதுதான் கணக்கு. இது தெரியாத பெண் மூன்றாம் லைனில் யாருமில்லை. தெரிந்தும் நான் வாட்ச் முன்னால் போய் உட்கார்ந்து, விரலைச் சுண்டிச் சுண்டிக் காட்டினேன். நம்ம ஸ்கூல் பெண் என்றால் யார் என்று தெரிய வேண்டும் என்று எழுதினாயே. தெரிந்துவிட்டது.

இப்போது மணிக்கு நாற்பத்தெட்டு. முடிக்காவிட்டால் கம்பெனி பஸ்ஸை நிறுத்திவைத்து முடிக்கச் சொல்கிறார்கள். சிவப்பு டோக்கனை ஒருத்தியும் தொடவில்லை. எழுந்தால் இரண்டு மூன்று ஜோடி பின்தங்கும். சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. நேற்று வஹீதா அக்காவிடம் ஊறுகாய் நீட்டினேன். "உன் கட்டைய நீயே எடுத்துட்டுப் போ. ஜாஸ்தி கெட்டிக்காரி நீ" என்றார்.

உன் பேடாவை நீயே தின்னு. கியூபை வந்து எடுத்துக்கொண்டு போ.

எழிலரசி


சத்துவாச்சாரி
30.10.2005

எழிலுக்கு,

இதை எழுத இரண்டு வாரம் ஆனது. நாலு தாள் கிழித்தேன்.

பஸ் ஸ்டாண்டில் நான் சொன்னது தப்பு. அன்றைக்கு எனக்குப் போகவே பிடிக்கவில்லை. நீ படிக்க வேண்டிய இடத்துக்கு நான் போகிறேன் என்று தெரியும். அதைச் சொல்லத் தெரியாமல் அப்படிச் சொன்னேன். உன் அப்பா இருந்திருந்தால் நீதான் அந்த பஸ்ஸில் ஏறியிருப்பாய். இதைக் கிரேஸி மேடமும் படிப்பார். பரவாயில்லை.

வேகமாகச் செய்துகாட்டு என்று சொன்னதும் தப்பு. எனக்கு வாட்சைப் பற்றி என்ன தெரியும்? இங்கே வாட்ச் நாடி பார்க்க.

ஆனால் ஒன்று கண்டுபிடித்தேன். மறுபடி சமத் பாய் கடைக்குப் போனேன். "கோட் வேர்டு முடிஞ்சுதுன்னு நெனச்சனே" என்றார். உலகப் போட்டியிலேயே ஒரு தடவை செய்த நேரத்தை வைத்து ஆளை எடைபோடுவதில்லையாம். ஐந்து தடவை செய்யச் சொல்கிறார்கள். நல்லதில் ஒன்றையும் கெட்டதில் ஒன்றையும் விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி. ஒரு தடவை அதிர்ஷ்டத்தில் வருமாம். நாடி பார்ப்பதும் அப்படித்தான், ஒரு துடிப்பை எண்ணி யாரும் சீட்டில் எழுதமாட்டார்கள்.

உன் ஜெயசீலன் சார் எத்தனை தடவை அளந்தார்? அந்த ஃபாரத்தை நன்றாகப் பார்.

ஃபீபி


மின்னூர்
27.11.2005

அன்புள்ள ஃபீபிக்கு,

பார்த்தேன். ஃபாரத்தில் பத்துக் கட்டம். ஒன்பது காலி.

மேனேஜர் நிசார் அஹமது சார் லைனைச் சுற்றி வந்த நேரம் பார்த்து எழுந்து நின்றேன். "சார், இந்த ஃபாரத்துல பத்து ரீடிங் போடணுமாமே. ஒண்ணுதான் போட்டிருக்கு. எங்க பேருக்கு அரைகுறையா இருக்கக் கூடாது." அவர் போர்டிலிருந்து எடுத்துப் பார்த்தார். "இன்னா ஜெயசீலன், இதையா மேல அனுப்பினீங்க? எனக்குத்தானே கேள்வி வரும்?" என்றார். ஜெயசீலன் சார் கழுத்துவரை சிவந்தார். மீதி ஒன்பதும் எடுக்க வேண்டும், கியூபுக்கும் எடுக்க வேண்டும், தையலுக்கும் எடுக்க வேண்டும் என்று உத்தரவு.

அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் நானே போய் வஹீதா அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் என் டப்பாவிலிருந்து ஊறுகாயை எடுத்துக்கொண்டார்.

கியூபை ஒன்பது தடவையும் பழைய முறையில் சேர்த்தேன். மூலை மூலையாக, ஓரம் ஓரமாக. உனக்கு ஒன்று சொல்கிறேன், வேகமாகச் செய்யக் கற்றதைவிட இது கஷ்டம். கை தானாக ஜோடி சேர்க்கிறது. சேர்ந்ததைப் பார்த்துவிட்டு, தும்முவது போலக் கலைத்தேன். இரண்டு தடவை கீழே போட்டேன். ஒரு தடவை "சார், முதல் தட்டு எதுன்னு மறந்துட்டேன்" என்றேன். பத்துக்கும் சராசரி இரண்டு நாற்பது.

பிறகு வாட்சோடு லைனுக்கு வந்தார். அன்றைக்கு மூன்றாம் லைனில் உடைந்த ஊசிகளுக்கு மெக்கானிக் அழுதான். பார்வை நன்றாக உள்ள பெண்கள் நூல் கோக்க அடுத்தவளைக் கூப்பிட்டார்கள். வஹீதா அக்காவுக்கு மட்டும் நாலு தடவை பாபின் சிக்கியது. "சொன்னனே சார், மிஷின் பேஜார் பண்ணுதுன்னு" என்றார்.

போர்டில் இப்போது நாற்பத்தொன்று. ஒன்றை விடாமல் வைத்துக்கொண்டார்கள். கம்பெனி.

சிவப்பு டோக்கனையும் எடுத்துவிட்டார். "ஒரு நிமிஷத்துக்குள்ளன்னுதானே பேச்சு? சராசரி ரெண்டு நாற்பது" என்றார். நியாயம்தான். பெண்கள் மறுபடியும் தண்ணீர் குடிப்பதை விட்டார்கள்.

அன்று சாயங்காலம் கேட்டில் பை சோதித்தார்கள். மூன்று மாதமாகக் கண்ணில் படாத கியூப் அன்றைக்குப் பட்டது. அதில் இருப்பது கம்பெனித் தோல், வெளியே போகக் கூடாது என்று பிடுங்கிக்கொண்டார்கள். பிடித்த பொருளை அந்தந்த லைன் மேஜைக்கே அனுப்புவது இங்கே வழக்கம். லைன் நம்பர் சீட்டு ஒட்டி, ரிஜிஸ்டரில் ஏற்றி வைப்பார்கள். மறுநாள் காலை உன் கியூப் ஜெயசீலன் சார் மேஜையில் இருந்தது. பிரவுன் பக்கத்தின் நடுவில் வெள்ளைச் சீட்டு. சீட்டில் '3'.

பத்து மணி இருக்கும். மரத்துண்டை ஒருத்தி எடுத்துப் போயிருந்தாள். வஹீதா அக்கா எழுந்தார். மேஜைக்குப் போனார். கியூபை எடுத்தார். நேராக பாத்ரூம் வாசலுக்குப் போய் வாட்ச் லேடி முகத்துக்கு நேரே நீட்டினார். வாட்ச் லேடிக்குச் சொல்லியிருப்பது ஒன்றுதான், '3' இருந்தால் விடு. விட்டார்.

லைன் முழுக்கத் தைப்பதை நிறுத்திவிட்டு ஜெயசீலன் சாரைப் பார்த்தது. அவர் ரிஜிஸ்டரைப் பார்த்தார். சீட்டைக் கிழித்தாலோ கியூபை உள்ளே பூட்டினாலோ ஏன் என்று எழுதி மேனேஜரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். போன வாரம்தான் ஃபாரத்துக்கு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். "வேலையப் பாருங்க" என்றார். பார்த்தோம்.

இப்போது லைன் மூன்றுக்கு இரண்டு டோக்கன். மரத்துண்டு எடுத்துப் போகிறவள் மூன்று நிமிடத்தில் வந்துவிடுகிறாள். கியூப் எடுத்துப் போகிறவள் ஆறு நிமிடம். உள்ளே ஆளுக்கு ஒரு மூலை, ஆளுக்கு ஓர் ஓரம் சேர்க்கிறார்கள். மதியத்துக்குள் சேர்ந்துவிடும். நான் போய்க் கலைத்துவிட்டு வருவேன். நேற்று ஜெயசீலன் சார் வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"ஏன் ஆறு நிமிஷம் ஆகுது?"

"எல்லாரும் புதுசு சார். பழைய முறையில அவ்ளோ ஆகும்."

"நீ அம்பத்து நாலுல முடிச்சியே ஒரு முறை, அதச் சொல்லிக் குடேன்."

"அதுக்குப் பதினாறு சூத்திரம் சார். எழுதி வெச்ச லெட்டர் தொலஞ்சு போச்சு."

தொலையவில்லை. உன் கடிதங்கள் எல்லாம் டிரங்குப் பெட்டியில், என் மார்க் ஷீட்டுக்கு அடியில் இருக்கின்றன. இந்தக் கடிதத்தைப் படிக்கும் கிரேஸி மேடம் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்.

உன் கியூப் இனி உனக்கு வராது. மாமா அடுத்த தடவை வரும்போது இன்னொன்று வாங்கிவரச் சொல். நாலாம் லைன் பெண்கள் கேட்கிறார்கள்.

பஸ் ஸ்டாண்டில் நீ சொன்னதற்காக வருத்தப்பட வேண்டாம். அது பலித்துவிட்டது. தினமும் ஆறு நிமிடம் சும்மா இருக்கிறேன்.

எழில்